இரண்டு கிளப்பில் ஆடியவள்

பூரணி செய்தது லேசுப்பட்ட குற்றமா? துறைமுக ஜோடி நடனக் கழகத்தில் உறுப்பினராக இருந்துகொண்டே, ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் அன்புவழிபுரத்துக் கிளப்பிலும் போய் ஆடியிருக்கிறாள்.

செய்தி கேட்ட நாள் முதல் கழகத் தலைவர் சிவகுருநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. துறைமுகத்தில் அதிகாரியாக இருந்த காலத்தில், அனுமதி இல்லாமல் ஒரு வள்ளத்தைக்கூட உள்ளே விடாத மனுசன். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கண்டிப்பு முழுவதையும் வால்ஸ் நடனத்தின் மேல் இறக்கி வைத்திருந்தார். 'உறுப்பினர் எவரும் வேறு கிளப்பில் ஆடக்கூடாது' என்ற விதியும் அவர் எழுதியதுதான்.

அவரோடு சோடி சேர்ந்து ஆடினால் ஒவ்வொரு அடிக்கும் பிழை சொல்லுவார். ஒருமுறை பாட்டை நிறுத்திவிட்டு, மனைவி தவமலருக்கு இடது கால் எது, வலது கால் எது என்று மண்டபம் முழுக்கக் கேட்கும்படி விளங்கப்படுத்தினார். பாவம், அடுத்த கிழமையே தவமலருக்கு முழங்கால் நோ வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் கழகப் பக்கமே வருவதில்லை. ஞாயிறு தோறும் எண்ணெய் தேய்க்க வைத்தியரிடம் போய்வருகிறாள்.

விசாரணைக் கூட்டத்தில் பூரணியை நடுக் கதிரையில் இருத்தினார்கள். செயலாளர் இராகுலன் தன் போனுக்கு வந்த படத்தை எல்லாருக்கும் காட்டினான். படத்தில் பூரணி பல் தெரியச் சிரித்துக்கொண்டு ஆடினாள். கழகத்தில் அப்படி யாரும் சிரிப்பதில்லை. அதற்கு மட்டும் இன்னும் விதி எழுதவில்லை.

பூரணி எதையும் மறுக்கவில்லை. பாமசியில் மருந்து விற்று நாள் முழுக்கக் கால் கடுக்க நிற்கிறவளுக்கு ஆட்டம் ஒன்றுதான் ஆறுதல் என்றாள். கழக ஆண்டுவிழாவின் முதல் ஆட்டத்துக்காக மாதக்கணக்காக ஆடிப் பழகியதையும் சொன்னாள்.

"நான் அங்க ஆடினா இங்க என்ன குறைஞ்சு போகுது, சேர்?"

"விசுவாசம் குறையுது," என்றார் சிவகுருநாதன்.

பிறகு பெரிய மனது பண்ணி ஒரு வழியும் காட்டினார்.

"எங்கட ஆக்கள் வேற ஆரும் அங்க வருகினமோ? பேரைச் சொல்லுங்கோ. உங்களை மன்னிச்சு விடுறம்."

பூரணி அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நான் மட்டும்தான், சேர்."

உறுப்பினர் அட்டையை மேசையில் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்தபடி வெளியே போனாள்.

சிவகுருநாதனா நம்புவார்? அடுத்த ஞாயிறு, தவமலரை வைத்தியரிடம் போக ஓட்டோவில் ஏற்றிவிட்டு, துப்புத் துலக்கத் தானே அன்புவழிபுரத்துக்குப் போனார். யன்னலோரமாக ஒதுங்கி நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

பூரணி சோடியில் ஆம்பிளைக்குரிய அடியெடுத்து ஆடிக்கொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்துச் சுழன்று சுழன்று, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தவள் தவமலர். முழங்கால் நோவை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு வந்திருக்க வேண்டும்.

யன்னலில் தெரிந்த தலையைப் பூரணி கண்டுவிட்டாள். ஆட்டத்தை நிறுத்தவில்லை. தவமலரின் கண்ணில் அவர் படாதபடி மெல்லத் திருப்பி, மண்டபத்தின் மறுபக்கம் கொண்டு போனாள்.

சிவகுருநாதனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. தன்னோடு ஆடும்போது தவமலர் கடைசியாகச் சிரித்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை.

அடுத்த கூட்டத்தில் அந்த விதியை எடுத்துவிட வேண்டும் என்று தலைவரே பிரேரித்தார். ஆடுகிறவர்களை ஓரிடத்தில் கட்டிவைக்கக் கூடாது என்று ஒரு சொற்பொழிவு வேறு. அவருடைய பரந்த மனதை மெச்சி எல்லாரும் கைதட்டினார்கள். திரும்ப அழைக்கப்பட்டிருந்த பூரணியும் தட்டினாள்.

கூட்டம் கலையும்போது இராகுலன் அக்கறையாக விசாரித்தான்.

"அன்ரியின்ர முழங்கால் இப்ப எப்பிடி, சேர்?"

சிவகுருநாதன் பூரணியை ஒருமுறை பார்த்தார்.

"ஞாயிற்றுக்கிழமைகளில நல்ல சுகம், தம்பி."