பச்சை விளக்கு எரியுது, சார்!

ஒரு மாதமாக ரெய்டு. கடலூரில் பிடித்த திருட்டு சிடிகளை எல்லாம் நடுரோட்டில் கொட்டி ரோடு ரோலர் ஏற்றி நசுக்கினார்கள். பண்ருட்டியில் ஒரு பிரௌசிங் சென்டருக்குச் சீல் வைத்து, முதலாளியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். செய்தி நெய்வேலிக்கு வந்ததும், அங்கே பிரௌசிங் சென்டர் வைத்திருந்த கிளமென்ட் ஜீப் வருகிறதா என்று தெருவை எட்டி எட்டிப் பார்த்தான். அவன் கடைக் கம்ப்யூட்டரில் ஓடியதும் காசு கொடுக்காமல் காப்பியடித்த விண்டோஸ்தான்.

நிலக்கரி மைன்ஸில் பர்மனென்ட் வேலை கிடைக்கும் கிடைக்கும் என்று காத்திருந்து, அலுத்துப்போய், மெயின் பஜாரில் அவன் போட்ட கடை அது. சீல் வைத்துவிட்டால் வேறு பிழைப்பு கிடையாது.

காரியத்தில் இறங்கியவள் அவன் மனைவி செசிலியாதான்.

“அந்த விண்டோஸ் சிடியைக் குடுங்க. எங்கப்பா வூட்டுக்கு எடுத்துகினு போயிடறேன். காடாம்புலியூர்ல எவன் வந்து தேடப் போறான்?”

அவளுடைய அப்பா இருதயசாமி அது என்ன, ஏது என்று கேட்கவில்லை. பளபளவென்று இருந்ததால், முந்திரித் தோப்பில் கிளி விரட்டக் கட்டித் தொங்கவிட்டார். தடயத்தை மறைக்கச் சொன்னால் ஊருக்கே தெரிகிற மாதிரி மரத்தில் கட்டிய மாமனார் வேறு யாருக்கும் வாய்த்திருக்க மாட்டார்.

கடையில் கிளமென்ட் விண்டோஸை அழித்துவிட்டு, அதற்குப் பதிலாக லினக்ஸைப் போட்டான். கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்தது. எவனும் கேள்வி கேட்க முடியாது. போட்டு முடித்த பிறகுதான் வம்பு தெரிந்தது. நெட்டோடு இணைக்கிற நெட்வொர்க் கார்டு என்று ஒன்று பெட்டிக்குள் இருப்பதையே லினக்ஸ் சட்டை செய்யவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒருவர் உள்ளே வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, கையில் தோல் பை.

“ராஜேந்திரன். கடலூர்லருந்து வரேன். சாஃப்ட்வேர் செக்கிங்,” என்று அடையாள அட்டையைக் காட்டினார். “விண்டோஸ் ஒரிஜினலா?”

“விண்டோஸே இல்லைங்க சார். ரெண்டு வருஷமா லினக்ஸ்தான்!” கிளமென்ட்டுக்கு வாய் கொஞ்சம் முந்திக்கொண்டது.

“ரெண்டு வருஷமா இதுலதான் நெட் ஓடுதா?”

“ஆமாங்க சார்.”

“எங்க, ஓட்டிக் காட்டுங்க.”

லினக்ஸில் நெட் வரவில்லை என்றால், இரண்டு வருஷமாக ஓடியது எது என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

“காலையிலருந்து கொஞ்சம் மக்கர் பண்ணுதுங்க சார்...”

“சரி பண்ணுங்க. எனக்கொண்ணும் அவசரமில்ல.” நாற்காலியை இழுத்துப் போட்டு, அவன் தோளுக்குப் பின்னாலேயே உட்கார்ந்துகொண்டார்.

கிளமென்ட் கட்டளையைத் தட்டினான். கம்ப்யூட்டர் தன்னோடு தானே பேசிக்கொள்கிற இணைப்பு மட்டும் திரையில் வந்தது. வெளியுலகத்தோடு பேச வேண்டிய ‘ஈத் ஜீரோ’வைக் காணோம். கார்டை இயக்குகிற டிரைவர் புரோகிராமை ஏற்றிப் பார்த்தான். அப்படி ஒரு சாதனமே இல்லை என்று சத்தியம் செய்தது திரை.

“பச்சை விளக்கு எரியுது, சார்! கார்டு நல்லாத்தான் இருக்கு.”

“விளக்கு எரியும். ஆனா நெட் வராது. அப்படித்தானே?” என்றார் ராஜேந்திரன்.

எல்லாம் தெரிந்துகொண்டுதான் கேட்கிறார்! கிளமென்ட் ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். பெட்டியைத் திறந்தான். உள்ளே ஒரு கைப்பிடி கரித்தூசி. ஊதித் தள்ளிவிட்டுக் கார்டைப் பிடுங்கி, கல்லாவிலிருந்து செசிலியா நீட்டிய பென்சில் ரப்பரால் அதன் மஞ்சள் பற்களைத் தேய்த்து, வேறு ஸ்லாட்டில் செருகினான்.

“இப்ப என்ன பண்ணீங்க? இன்னொரு தடவை பண்ணுங்க, பாக்கறேன்.”

குறுக்கு விசாரணை என்றால் இதுதான் போலும். இன்னொரு தடவை தேய்த்தான். இன்னொரு ஸ்லாட்டில் செருகினான். பச்சை விளக்கு ஜம்மென்று எரிந்தது. நெட் வரவில்லை. கல்லாவில் செசிலியா கண்ணை மூடிக்கொண்டு, “அந்தோணியாரே, காணாமப் போன சாமானையெல்லாம் கண்டுபுடிச்சுக் குடுக்கறவரே, இந்த ஈத் ஜீரோவையும் கண்டுபுடிச்சுக் குடுத்துடுங்க. மெழுகுவத்தி ஏத்தறேன்,” என்று முணுமுணுத்தாள்.

“அவ்வளவுதானா? வேற வழியே இல்லையா?” ராஜேந்திரனின் குரல் கம்மியது.

கிளமென்ட் உடைந்துபோனான்.

“இல்லைங்க சார். நேத்து வரைக்கும் திருட்டு விண்டோஸ்தான். அதுல இந்தக் கார்டு சொன்ன பேச்சு கேக்கும் சார். அந்த சிடி என் மாமனார் தோப்புல தொங்குது. என்னை வேணா கூட்டிட்டுப் போங்க. கடைக்கு மட்டும் சீல் வெச்சுடாதீங்க!”

ராஜேந்திரன் எழுந்துபோய் ஷட்டரைப் பாதி இறக்கினார். செசிலியா விம்மத் தொடங்கினாள். விலங்கு மாட்ட வசதியாக கிளமென்ட் இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினான்.

“தோப்பு எங்க இருக்கு?”

“காடாம்புலியூர்ங்க.”

“எந்த மரம்?”

“கெணத்தோரம் ரெண்டாவது மரங்க,” என்றாள் செசிலியா, மூக்கை உறிஞ்சியபடி.

“கீறல் விழுந்துருச்சா? கிளி ஏதாச்சும் கொத்திருச்சா?”

“இல்லைங்க. அதான் கிட்டயே வரமாட்டேங்குதே.”

ராஜேந்திரன் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, கிளமென்ட்டின் நீட்டிய கைகளை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“அந்த ரோடு ரோலர்ல எங்க ஆபீஸ் விண்டோஸ் சிடியும் சேந்து நசுங்கிப் போச்சுங்க; எங்களுக்கும் இப்ப லினக்ஸ்தான், இதே கார்டுதான், ஒரு மாசமா பச்சை விளக்கு மட்டும்தான் எரியுது!”