ட்விக் நீங்கலாக

"பிடிச்சுட்டேன் ரைட்டரய்யா!"

எஸ்டேட் காவல்காரர் மொக்கச்சாமி வேலுத்தாயை ஆபீஸ் வாசலில் நிறுத்தினார். அவள் தலையில் விறகுக்கட்டு. குரங்கணி மலையில் காலையிலிருந்தே தூறல்.

"மக பிள்ளை பெத்து மூணு நாளாச்சுங்கய்யா. வெந்நி வைக்கக்கூட வீட்ல ஒரு சுள்ளி இல்லே."

"இதுவா சுள்ளி? என் மணிக்கட்டு மொத்தம் இருக்கு! ஏலக்காய் உலர்த்துற ஸ்டோருக்குப் போக வேண்டிய வெறகு. இவ பேரை அடிங்கய்யா!"

சுவரில் மானேஜர் கையெழுத்தோடு இங்கிலீஷ் உத்தரவு தொங்கியது. விறகு எடுத்தால் வேலை போகும், 'ட்விக்' நீங்கலாக.

ரைட்டர் திருப்பதி மூக்குக்கண்ணாடியை நிதானமாகத் துடைத்தார். "கட்டை உள்ளே கொண்டா. நனைஞ்சா சாட்சி கெட்டுப்போகும்."

பிறகு தலையணை மொத்தத்துக்கு ஓர் அகராதியைத் திறந்தார்.

ஆரம்பித்துவிட்டார் மனிதர்! பிள்ளை பெற்ற வீட்டில் அடுப்பு அணைந்து கிடக்கிறது. இவருக்கு இங்கிலீஷ் ஆராய்ச்சி.

"ட்விக்னா சின்னக் கிளை. சின்னதுன்னா எத்தனை அங்குலம்? போடலையே!"

"அய்யா, எனக்குச் சோலி கெடக்கு."

"இருப்பா. 'புரிஞ்சுக்கிறது'ன்னும் ஒரு அர்த்தம் போட்டிருக்கு."

"எனக்கு ஒரு எழவும் புரியலே."

"சொல்லோட மூலத்தைப் பாப்போம். 'ரெண்டு'ங்கிற பழைய சொல்லோட உறவாம். ரெண்டாப் பிரியற கிளை. கட்டை அவுத்து எண்ணு, எத்தனை கவட்டையா இருக்குன்னு."

மொக்கச்சாமி தலையில் அடித்துக்கொண்டு குனிந்தார். எண்ணி முடித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"பாதி கவட்டை, பாதி நேர்குச்சி. போதுமா?"

"நேர்குச்சியும் கவட்டையிலேருந்து ஒடிஞ்சதுதானே? எதுக்கும் இன்னொருக்க எண்ணு."

"சாமி, ஆளை விடுங்க! எல்லாம் ட்விக்தான். எந்தக் கோயில்ல வேணா சத்தியம் பண்றேன்!"

"சத்தியம் வேண்டாம். ரிஜிஸ்தர்ல கைநாட்டு வை."

வைத்த கையோடு குடையை விரித்து, முணுமுணுத்துக்கொண்டே அவர் நடையைக் கட்டினார்.

வேலுத்தாய் கட்டைத் திரும்பக் கட்டினாள். கண் கலங்கிவிட்டது. "அந்த வார்த்தையைப் போட்ட மானேஜரய்யா நல்லாருக்கணும்."

"அவரு எங்கே போட்டாரு? ஒரு துரும்புகூட வெளியே போகக்கூடாதுன்னுதான் எழுதச் சொன்னாரு. வாசிச்சுப் பாக்காமலே கையெழுத்துப் போட்டுட்டாரு" என்று ரைட்டர் அகராதியை மூடினார். "வெரசாப் போ ஆத்தா. அந்த ஒத்த வார்த்தையைச் சேர்த்து டைப் அடிச்சது நான்தான்."