தொண்ணூற்றேழு மைல்

ஏப்ரல் மாத ஏரிக்காற்றில் கடுகு சாஸின் நெடி. பேஸ்பால் மைதானத்தில், மட்டையாளருக்கு நேர் பின்வரிசையில் அணிக்கு ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் வெண்டல், பந்தின் வேகத்தை அளக்கும் வேகமானியைப் பிடித்திருக்கிறார். தொண்ணூற்றேழு மைல். பந்தோ அடி வாங்கி மேல்மாடிப் பார்வையாளர் கூட்டத்தில் போய் விழுகிறது. பழைய ஒப்பந்தம் முடிந்து சந்தைக்கு வந்த வீச்சாளன் ஹாலரனை ஐந்து வருடத்துக்கு வளைத்துப் போடச் சொன்னவர் இவர்தான். குளிர்காலத்தில், உள்ளரங்கில், எதிரே மட்டையாளரே இல்லாமல் வீசவைத்துப் பார்த்துச் சொக்கிப்போனார். இங்கே ஓட்டப் பாதையின் முதல் தளத்தில் எதிரணிக்காரன் ஓடத் தயாராக நின்றாலே ஹாலரனின் கழுத்து அங்கே திரும்புகிறது, கால் தடுமாறுகிறது, பந்து தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்ததுபோல் போகிறது.

“இவனைக் கூட்டிட்டு வந்த புண்ணியவான் எவன்யா?” பின்னாலிருந்து ஒருவன் பீர்க் கோப்பையோடு கத்துகிறான்.

“திரும்பாதீங்க, மூஞ்சியே காட்டிக்குடுத்துடும்,” என்கிறாள் சக தேர்வாளர் டார்லீன்.

வெண்டல் பல்லைக் கடிக்கிறார். “வேகம் குறையலையே, டார்லீன்! அப்புறம் என்ன எழவு இவனுக்கு?”

கூச்சலுக்கு நடுவே ஹாலரன் தலைகுனிந்து வெளியேறுகிறான். மாற்று வீச்சாளன் வந்து கை சூடேற்றிக்கொள்ள நாலு பந்து வீசுகிறான். வெண்டலின் கை வேகமானியோடு தானாக எழுகிறது.

“தொண்ணூத்தொம்பது! இவன் ஒப்பந்தம் எப்ப முடியுது? இன்னும் அஞ்சு வருஷம் நீட்டிடலாம்!”

டார்லீன் தலையில் அடித்துக்கொள்கிறாள். எதிரே மட்டையாளர் இன்னும் வந்து நிற்கவில்லை.