துபாயில் இருக்கிறார்

மகள் விவாகரத்து வாங்கி வீட்டுக்கு வந்தபின், யார் கேட்டாலும் அப்பா துபாயில் இருக்கிறார் என்று சொல்லும்படி பேத்தி அகல்யாவைப் பழக்கியது நான்தான். எட்டு வயது. ஒருநாளும் பிசகியதில்லை. ஒன்றுவிட்ட தம்பி வீட்டுக் கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலையில் இருந்தாள். மாப்பிள்ளையின் சிநேகிதனாக வந்திருந்த அவள் அப்பன், வேட்டியை மடித்துக்கட்டிப் பாயச வாளியோடு எங்கள் வரிசைக்கு வந்துவிட்டதைப் பிந்தித்தான் கவனித்தேன்.

“உங்கப்பா வரலையாடி?” என்றாள், அகல்யாவுக்கு அந்தப் பக்கம் இருந்த தூரத்து உறவுக்காரி.

“துபாய்ல இருக்காங்க சித்தி. பொங்கலுக்குத்தான் லீவு குடுப்பாங்களாம்.”

எதிரே நின்றவன் அவள் இலையில் ஒரு கரண்டி விட்டான். இன்னொன்றும் விட்டான். மூன்றாவதற்கு அவள் இரண்டு கைகளையும் விரித்து மறித்தாள்.

“போதுங்க.”

முன்பின் தெரியாதவரிடம் சொல்வதுபோல் சொன்னாள். அவன் நகர்ந்துவிட்டான்.

மூத்தவன் இலையை மடித்து எழுந்தால்தான் எங்கள் பந்தியில் மற்றவர்கள் எழுவார்கள். எல்லோரும் முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். அகல்யா மட்டும் பாயசத்தை ஒரு விரலால் தொட்டுத் தொட்டு, தீர்ந்துவிடாதபடி நக்கிக்கொண்டிருந்தாள்.

“பெரியப்பா, எந்திரிக்கலாமா?” என்று யாரோ கேட்டார்கள்.

“எனக்கு இன்னும் கொஞ்சம் பாயசம்” என்றேன், வாளி போன திசையைப் பார்த்து.