றைஸா திறந்த வழி

"உங்கட புருசன்ட மூளைப் படம் கொழும்புக்குப் போகாததுக்கு இவங்கதான் காரணம்" என்று றைஸாவைக் கைகாட்டினார் பதியுதீன்.

கற்பிட்டியில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்கு அவர் மனேஜர். கம்பியூட்டர் வேலை முழுக்க றைஸாவின் பொறுப்பு. எதிரே கறுப்பு உடுப்பில் மக்தலேனா. போன வாரம் கடலில் வாய் கோணிக் கரைக்கு வந்த தன் புருசன் பேதுருவை இங்கேதான் கொண்டுவந்தாள்.

"ஃபயர்வோல் எண்டு ஒண்டு இருக்கு. வெளியில இருந்து வாறதையெல்லாம் தடுக்கிற காவல். இவங்க ஒருத்தரையும் கேக்காம அதில ஒரு வழியத் திறந்திருக்காங்க. ஆடிட்டுக்கு வந்தவங்க கண்டுபிடிச்சிட்டாங்க."

மக்தலேனா திரும்பினாள். "உண்மையா தங்கச்சி?"

"ஓம் அக்கா, திறந்தது நான்தான். ஆனா அவர் கண்ண மூடினதுக்குப் பொறகுதான்."

"பொறகா?"

"பெரிய படம் துண்டு துண்டாத்தான் போகும் அக்கா. நடுவழியில ஒரு துண்டு கொள்ளாட்டி, சின்னதாக்கி அனுப்பச் சொல்லி ஒரு சேதி திரும்பி வரும். அந்தச் சேதியத் தடுக்கக் கூடாதெண்டுதான் இன்டர்நெட் விதியே சொல்லுது. ஃபயர்வோல் வித்த கம்பனி அதையும் சேர்த்துப் பூட்டித் தந்திருந்திச்சு. நான் அப்பவே சேர்கிட்ட..."

"டெக்னிக்கல் கதை இவங்களுக்கு எதுக்கு?" பதியுதீன் குறுக்கே புகுந்தார்.

மற்றதெல்லாம் பூட்டியே கிடக்கட்டும், அந்தச் சேதிக்கு மட்டும் வழி விடுவோம் என்று றைஸா எத்தனையோ முறை கேட்டிருந்தாள். "கம்பனி தந்த மாதிரியே இருக்கட்டும். ஆடிட்டில முழுப் புள்ளி வேணும்" என்பார் அவர்.

அந்தச் சேதி திரும்பி வராமல் பேதுருவின் படம் பாதியில் நின்றது. கொழும்பு டொக்டர் போனில் காத்திருந்தார். படத்தைப் பார்க்காமல் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போடச் சொல்ல அவரால் முடியவில்லை. அம்புலன்ஸில் புத்தளம் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். பாலாவிச் சந்திக்கு முன்னமே மூச்சு நின்றுவிட்டது.

அன்றைக்குத்தான் றைஸா தானாகவே அந்த ஒரு வழியைத் திறந்தாள். அதற்குப் பிறகு எந்தப் படமும் நிற்கவில்லை.

இதெல்லாம் மக்தலேனாவுக்கு எப்படி விளங்கும்? கேட்காமல் எதையோ தொட்டிருக்கிறாள் இந்தப் பெண். அது மட்டும் விளங்கியது.

"காலையில தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் கடலுக்குப் போனவர்" என்றாள். திட்டவில்லை, அழவுமில்லை. எழுந்து நடந்தாள்.

றைஸா வாசல் வரை ஓடினாள். "அக்கா, நான் சொல்றத..."

மக்தலேனா திரும்பிப் பார்க்கவேயில்லை. பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

"நீங்க நாளையில இருந்து வர வேணாம்." பின்னால் பதியுதீனின் குரல்.

யாரிடம் போய் எதைச் சொல்வது? றைஸா மேசையிலிருந்த தன் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

ஆஸ்பத்திரிக் கேட்டடியில் பதியுதீன் வேகமாக நடந்து வந்து அவளைப் பிடித்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"றைஸா, கோவத்தில அந்த வழிய மூடிட்டுப் போயிடலையே? அது திறந்தே கிடக்கட்டும். இப்பதான் படமெல்லாம் ஒழுங்காப் போகுது."