அங்கிள், இன்னும் கொஞ்சம் பீட்ரூட்

"அங்கிள், இன்னும் கொஞ்சம் பீட்ரூட் வைங்க."

தட்டை நீட்டியவள் நான் பெற்ற பெண்.

காது கேட்காதவன்போல் நின்றேன். வரிசையில் பின்னால் நின்ற பாதிப் பள்ளிக்கூடத்துக்கும் கேட்கிற மாதிரி மறுபடியும் சொன்னாள். "அங்கிள்! பீட்ரூட்!"

வைத்தேன். கண் கலங்கியது. சூப்பின் ஆவிதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வருஷக்கணக்காக மேனேஜராகக் குப்பை கொட்டியவன் நான். ஆள்குறைப்பு என்று வந்தபோது, குறைக்க வேண்டிய ஆள் என்று என்னைத்தான் கண்டுபிடித்தார்கள். அதே வாரம் டாக்டரும் 'குறைக்கணும்' என்றார். அவர் சொன்னது இடுப்பை.

இரண்டு அடியையும் ஒன்றாக வாங்கியதில் எனக்கு ஞானம் வந்துவிட்டது. "இத்தனை நாள் காப்பீட்டுப் பணம் கேட்டு வந்தவங்களுக்கெல்லாம் இல்லைன்னு சொன்னேன். இனிமே வர்றவங்களுக்குப் பரிமாறப் போறேன், அதுவும் உடம்புக்கு நல்லதா" என்று வீட்டில் வசனம் பேசிவிட்டு, சமையல் படிக்கப் போனேன். மகள் எட்டாவது படிக்கிற பள்ளியின் கேன்டீனிலேயே வேலையும் கிடைத்தது.

தலைமையாசிரியை கறாராகச் சொல்லிவிட்டார். "பொரிச்சது வேண்டாம்னு முடிவு பண்ணினது நான்தான் சார். ஆனா பிள்ளைங்க சாப்பிடணுமே. மிச்சம் கொட்டற வாளியைத் தினமும் பார்ப்பேன். பரீட்சை வரைக்கும் அது நிறைஞ்சுகிட்டே இருந்தா, பழைய உருளைக்கிழங்கு வறுவல்காரரையே கூப்பிட வேண்டியதுதான்."

முதல் நாளே வாளி வழிந்தது. இன்னொரு வாளி கடன் வாங்கினோம். சாயங்காலத்துக்குள் பிள்ளைகள் எனக்கு 'பீட்ரூட் அங்கிள்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து புலம்பினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மகள் எழுந்து வந்தாள்.

"அப்பா, ஸ்கூல்ல என்னைத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்காதீங்க. நான் யாரோ, நீங்க யாரோ. சரியா?"

சொல்லிவிட்டு வீட்டுப்பாடம் எழுதப் போய்விட்டாள்.

"பார்த்தியா?" என்றேன் மனைவியிடம். "மேனேஜர் பொண்ணா இருந்தவளுக்குக் கேன்டீன்காரன் பொண்ணுன்னு சொல்லிக்க வெட்கமா இருக்கு."

"நீங்க மட்டும் என்னவாம்? பக்கத்து வீட்டுக்காரர் கேட்டா 'உணவு நிர்வாகம்'னு சொல்லி வெச்சிருக்கீங்க. அவர் நீங்க ஓட்டல் வாங்கிட்டதா நினைச்சுட்டிருக்கார்."

அது வேறு விஷயம் என்றேன். எப்படி வேறு என்று அவள் கேட்டாள். எனக்குத் தூக்கம் வந்துவிட்டது.

ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக வாளி இளைத்தது. என் இடுப்பைவிட வேகமாக.

வீட்டில் பீட்ரூட்டைக் கண்டாலே முகத்தைச் சுளிக்கிற என் பெண், இங்கே தினமும் இரண்டாவது தடவை வந்து நின்றாள். ஒரு நாள் அவளுடன் வந்த நெட்டைப் பெண் ரகசியமாகக் கேட்டது என் காதிலும் விழுந்தது.

"ஏய், நிஜமாவே நல்லா இருக்கா?"

"உனக்கு வேண்டாம்னா உன் பங்கையும் எனக்குக் குடு."

"ஆசை தோசை! அங்கிள், எனக்கும் வைங்க."

எல்லாம் நான் பிழிந்த எலுமிச்சையும் தூவிய மிளகும் செய்த மாயம். என் கைப்பக்குவத்தை நானே மெச்சிக்கொண்டேன். அந்த 'அங்கிள்' மட்டும்தான் தொண்டையில் சிக்கிய முள்.

இன்று தலைமையாசிரியை வாளிக்குள் எட்டிப் பார்த்தார். அடியில் நாலைந்து துண்டுகள்தான் கிடந்தன.

"வேலை உங்களுக்கு நிரந்தரம் சார். இந்த வாலுங்களை எப்படி வழிக்குக் கொண்டு வந்தீங்க?"

"எல்லாம் ஒரு பக்குவம்தான் மேடம்" என்றேன் அடக்கமாக. அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் நல்ல சேதியைச் சொன்ன கையோடு மகளைப் பிடித்துக்கொண்டேன்.

"இனிமேலாவது அங்கே அப்பான்னு கூப்பிடுவியா? இல்ல, கேன்டீன்காரன் பொண்ணுன்னு தெரிஞ்சா கிரீடம் இறங்கிடுமா?"

நான் கேட்டதை அவள் காதிலேயே வாங்கவில்லை.

"நிஜமாவா? நிரந்தரமா? இனிமே வேற யாரையும் கூப்பிட மாட்டாங்களே?"

"மாட்டாங்க. என்னைத் தவிர யாரால முடியும்?"

"அப்பாடா!" அப்படியே சோபாவில் சரிந்தாள். "அம்மா, நாளையிலேர்ந்து எனக்கு டிபன் கட்டிக் குடுத்துடும்மா. புண்ணியமாப் போகும்."

"டிபன் எதுக்கு? தினமும் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டியே!"

"எனக்கு பீட்ரூட் ஆகவே ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியாதாப்பா? மூச்சைப் பிடிச்சுகிட்டுத்தான் முழுங்கினேன்."

"அப்புறம் என்னத்துக்கு வந்து வந்து நின்னே? அதுவும் ஊருக்கே கேக்கற மாதிரி அங்கிள், அங்கிள்னு?"

விவரம் புரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

"பின்னே? சமைச்சவரோட பொண்ணே வந்து நல்லா இருக்குன்னு சொன்னா, யாருப்பா நம்புவாங்க?"