டுரியான் வைத்தியம்

“மூக்கைப் பொத்திக்க. வாயைத் தொற. முழுங்கு.”

சிவகாமசுந்தரி டுரியான் சுளை ஒன்றை மருமகளின் உதட்டருகே பிடித்திருந்தாள். கமலவேணி கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுங்கினாள். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கருணாகரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“எதுக்கும்மா இந்தக் கொடுமை? அவளுக்கு அந்த வாடையே ஆகாதுன்னு தெரியும்ல?”

“வாடையா முக்கியம்? கல்யாணமாகி மூணு வருசம் ஆச்சு. வயித்துல சூடு இல்லடா இவளுக்கு. டுரியான் மாதிரி உடம்புக்குச் சூடு குடுக்கிறது வேற எதுவுமில்ல. அவ வயசுல எனக்கு நீ பள்ளிக்கூடம் போயிட்டே!”

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினான்.

அப்பா பொன்னுதுரை புக்கிட் பாரு தோட்டத்திலிருந்து சைக்கிளில் கூடை கூடையாகப் பழம் கொண்டுவந்து இறக்கினார். காலையில் வெறும் சுளை. மத்தியானம், உப்புப் போட்டுப் புளிக்கவைத்த டுரியானை மிளகாயும் நெத்திலியும் சேர்த்து அரைத்த சம்பால். சாயங்காலம் தேங்காய்ப்பாலில் கரைத்து, வெல்லம் போட்டு, பிசுபிசுவென்று ஒட்டும் புளூட் அரிசிச் சோற்றோடு. சூடு தலைக்கேறாமல் இருக்கப் பழத்தோட்டில் தண்ணீர் ஊற்றி உப்புக் கரைத்துக் குடிக்க வேறு வைத்தாள் அம்மா.

வேணியால் பாதிதான் விழுங்க முடிந்தது. பழத்தை வீணாக்கினால் பாவம் என்று மீதியை அம்மாவே தீர்த்துவைப்பாள். துணைக்கு அப்பா.

போதாக்குறைக்குப் பக்கத்து வீட்டு நாச்சியம்மை. செட்டி கம்போங் கிராமத்தில் பிறந்த அந்த அம்மாளுக்குத் தமிழ் அரைகுறை, மலாய்தான் வாய்மொழி. கருணாகரன் தலை தெரிந்தால் போதும், வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, “டுரியான் ஜாத்தோ, சாரோங் நாய்க்!” என்பாள். டுரியான் விழுந்தால் கைலி மேலேறும். சொல்லிவிட்டு அவள் சிரிக்கிற சிரிப்பில் தெருவே திரும்பிப் பார்க்கும். அவன் தலையைக் குனிந்துகொண்டு நடப்பான்.

ஒருநாள் கிணற்றடியில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்த மனைவியிடம் போனான்.

“நீயாவது முடியாதுன்னு சொல்லேன் வேணி.”

“பழம்கூடப் பழகிருச்சுங்க. ஆனா நான் திங்கறப்ப அத்தை என் வயித்தையே பாக்கிறாங்க. அதான் தொண்டையில எறங்க மாட்டேங்குது.”

ஆத்திரத்தில் அருகிலிருந்த பழக்கூடையை ஓங்கி உதைத்தான். முள் காலில் ஏறியதுதான் மிச்சம். கூடை அசையவில்லை.

நொண்டிக்கொண்டு உள்ளே வந்தவனிடம் அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். “ஊரெல்லாம் மெர்டேக்கா, சுதந்திரம் வருதுன்னு தோரணம் கட்டுது. என் வீட்டுல ஒரு தொட்டில் கட்ட வழியில்ல. இந்தப் பழக்காலம் முடியட்டும். அப்பவும் ஒண்ணுமில்லன்னா, தம்பின் ஊர்ல ஒரு பொண்ணு இருக்காம், போய்ப் பாத்துட்டு வந்துடுவேன்.”

“எனக்கு இன்னொரு கல்யாணமா? உங்களுக்கென்ன பைத்தியமாம்மா?”

“பேரப்பிள்ளைப் பைத்தியம்தான். போடா.”

அப்பாவைப் பார்த்தான். அவர் சுளை சப்பிய விரலை நிதானமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் தனக்காகப் பேச ஒரு ஆள்கூட இல்லை என்று அவனுக்குத் தோன்றியது.

பழக்காலம் முடிகிற சமயம். ஒரு காலையில் கிணற்றடித் தட்டிக்குப் பின்னாலிருந்து ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. நின்று நின்று மறுபடியும் கேட்டது. கருணாகரன் பதறிக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினான். அப்பா குறுக்கே வந்து நின்றார்.

“நீ ஒண்ணும் பயப்படாத. வேலைக்குக் கெளம்பு. நான் போய் நர்ஸ் மிஸியைக் கூட்டிட்டு வர்றேன்.”

“டுரியானைத் திணிச்சுத் திணிச்சுக் கொல்லப் போறீங்கப்பா!” என்று கத்திவிட்டு வெளியேறினான்.

பஸ் கம்பெனிக் கவுண்டரில் அன்று அவனுக்குக் கை ஓடவில்லை. ஜாசின் போக வந்தவருக்கு அலோர் காஜா டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து வசவு வாங்கிக்கொண்டான். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது, தனி வீடு பார்த்துக்கொண்டு போய்விடுவது என்ற முடிவோடு வீடு திரும்பினான்.

வாசலில் மிஸி பாக்கியலட்சுமி சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“மிஸி, உடம்புக்கு என்ன? பழம் ஒத்துக்கலையா?”

“உடம்புக்கு ஒண்ணுமில்ல. சந்தோசமான சேதிதான்.” மிஸி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “இனிமே டுரியானை மட்டும் கண்ணுல காட்டாதீங்க. மத்ததை உள்ள போய்க் கேட்டுக்குங்க.”

கருணாகரன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே பாய்ந்தான். அம்மாவின் அறைக் கதவு சாத்தியிருந்தது. அப்பா கிணற்றடியில் அவனுக்கு முதுகைக் காட்டியபடி, காலிக் கூடையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

அடுப்படியில் கமலவேணி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். முந்தானை வாயில், தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

“வேணி! அழாத வேணி. மிஸி சொல்லிட்டாங்க. இனி தம்பினாவது பொண்ணாவது! நான் அப்பாவாகப் போறேன்!”

அவள் முந்தானையை எடுத்தாள். அழவில்லை. கண்ணில் நீர் முட்டச் சிரித்துக்கொண்டிருந்தாள். இந்த மூன்று வருசத்தில் அவள் அப்படிச் சிரித்து அவன் பார்த்ததே இல்லை.

“அப்பா இல்லங்க... நீங்க அண்ணனாகப் போறீங்க.”